"பாட்டிக்கு உடம்பு சரியில்லன்னுதானே சொன்னீங்க?"

பெங்களூருல இருந்து ஒரு வாசகி எழுதியிருக்காங்க. கடிதம் பெருசு, அடையாளம் தெரியற விஷயமெல்லாம் எடுத்துட்டு சுருக்கி தர்றேன்.

"மேடம், நாங்க கல்யாணம் ஆனதுல இருந்து டெக்சாஸ்ல, டாலஸ் பக்கம் இருந்தோம். ரெண்டு பசங்களும் அங்க பொறந்தவங்க. போன வருஷம் பிப்ரவரில இவருக்கு லேஆஃப். எச்1பி விசாவுல 60 நாள்தான் டைம், வேற வேலை அமையல, ஏப்ரல்ல கிளம்பி திருச்சிக்கு மாமியார் வீட்டுக்கு வந்துட்டோம். பசங்ககிட்ட பாட்டிக்கு உடம்பு சரியில்ல, பாத்துட்டு வந்துடலாம்னு சொல்லி கூட்டிட்டு வந்தோம். ஜூன்ல அங்கயே ஸ்கூல்ல சேத்தோம். டிசம்பர்ல இவருக்கு பெங்களூருல வேலை கிடைச்சது, பாதி வருஷத்துல மறுபடி ஸ்கூல் மாத்தி இங்க வாடகை வீட்டுக்கு வந்தோம். இப்ப அதே கம்பெனில அயர்லாந்துல இருக்கற டப்ளின் ஆபீஸுக்கு போக சொல்றாங்க, ஆகஸ்ட்ல. இவருக்கு ரொம்ப ஆசை. பொண்ணுக்கு ஜூலைல 13 ஆகுது. ரூமை விட்டு வர்றதில்ல. துணியை சூட்கேஸ்ல இருந்து எடுத்து போட்டுட்டு திரும்ப சூட்கேஸ்லயே வெக்கிறா, பீரோல வெக்க மாட்டேங்கறா. அவ போன்ல இன்னும் டாலஸ் டைம்தான் ஓடுது. ராத்திரி மூணு மணி வரைக்கும் பழைய ஃப்ரெண்ட்ஸ்கூட சாட். பாட்டி போன் பண்ணா பேச மாட்டா. நான் அமெரிக்கன் சிட்டிசன், நான் மட்டும் திரும்பி போறேன்னு சொல்றா. பென்சில் பாக்ஸ்ல பழைய அபார்ட்மெண்ட் மெயில்பாக்ஸ் சாவி ஒன்னு வெச்சிருக்கா, அதை தூக்கி போட்டா மறந்துடுவாளா? பையனுக்கு 7 வயசு, நல்லா இருந்தவன் இப்ப படுக்கைல ஈரம் பண்றான். டப்ளின் விஷயம் பசங்களுக்கு இன்னும் சொல்லல, விசா கைக்கு வந்தப்புறம் சொல்லிக்கலாம்னு இவர் சொல்றார். நான் அங்க டே கேர்ல வேலை பாத்துட்டு இருந்தேன், அது போச்சு, எனக்கு ஒன்னுமில்ல, பசங்க நல்லா இருந்தா போதும். என்ன பண்றது மேடம்?"

சாவியை தூக்கி போட்டுடாதீங்க. மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல இது. அந்த வீட்டுல இருந்து அவளா எடுத்து வெச்சுக்கிட்ட ஒரே பொருள் அதுவா இருக்கலாம், மத்ததெல்லாம் நீங்க பெட்டில போட்டது. அது காணாம போனா அவ மறக்கவெல்லாம் மாட்டா, வீடு பூரா தேடுவா, உங்ககிட்ட வந்து கேப்பா, நீங்க எனக்கு தெரியாதேம்மான்னு இன்னொரு பொய் சொல்ல வேண்டி வரும். ஏற்கனவே சொன்ன ஒரு பொய்க்குத்தான் இப்ப வட்டி கட்டிட்டு இருக்கீங்க.

கடுமையா சொல்றேன்னு நினைக்காதீங்க. நாடு மாறினது, வீடு மாறினது, ஸ்கூல் மாறினது எல்லாத்தையும் வரிசையா எழுதியிருக்கீங்க, பாட்டிக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னது மட்டும் போற போக்குல ஒரு வரில வந்துட்டு போகுது. எனக்கு கடிதம் பூரா அந்த ஒரு வரிதான் பெருசா தெரியுது. அப்ப அவளுக்கு 11 வயசு. பாட்டிக்கு என்னவோ ஏதோன்னு பயந்துகிட்டே ஃப்ளைட் ஏறியிருப்பா, ஃப்ரெண்ட்ஸ்கிட்ட ரெண்டு வாரத்துல வந்துடுவேன்னு சொல்லிட்டு வந்திருப்பா, இங்க வந்து பாத்தா பாட்டி நல்லாத்தான் நடமாடிட்டு இருக்காங்க, ரெண்டு வாரம் ரெண்டு மாசமாச்சு, ஒரு நாள் திடீர்னு யூனிஃபார்ம் தைக்க அளவு கொடுக்க டெய்லர் கடைக்கு கூட்டிட்டு போறீங்க. அன்னிக்குத்தான் அவளுக்கு விஷயமே புரிஞ்சிருக்கும். பாட்டிகிட்ட ஏன் பேச மாட்டேங்கறான்னு இதுக்கு மேல நான் விளக்கணுமா? அவ கணக்குல பாட்டியும் இதுக்கு உடந்தை. உங்க மாமியாருக்கு தன் பேரை சொல்லித்தான் பசங்கள கூட்டிட்டு வந்தீங்கன்னு தெரியுமான்னு நீங்க எழுதல, தெரியாதுன்னா அவங்க பாவம், பேத்தி ஏன் முகம் குடுக்க மாட்டேங்கறான்னு ஒரு வருஷமா குழம்பிட்டு இருப்பாங்க.

சூட்கேஸை காலி பண்ணாம வெச்சிருக்கறதையும் நீங்க பிடிவாதம்னு எடுத்துக்கறீங்கன்னு நினைக்கறேன். இந்த வீட்டுல எத்தனை நாள்னு யாரும் சொல்லாதப்ப வேற எப்படி இருப்பா? அதுவும் பாருங்க, அவ நினைச்சது சரியாத்தான் இருக்கு, ஆகஸ்ட்ல கிளம்பறீங்க.

அதனால விசா வரட்டும், அப்புறம் சொல்லலாம்ங்கற பேச்சே வேண்டாம். உங்க வீட்டுக்காரர் சொல்றதோட நியாயம் எனக்கு புரியுது, நடக்காம போயிட்டா எதுக்கு வீணா கலைக்கணும்னு நினைக்கறார். ஆனா ரெண்டு பெட்ரூம் வீட்டுல எச்ஆர் கால் எல்லாம் ஸ்பீக்கர்ல ஓடும்போது 12 வயசு பொண்ணுக்கு தெரியாதுன்னு நீங்க ரெண்டு பேர் மட்டும்தான் நம்பிட்டு இருக்கீங்க. பாதி கேட்டிருப்பா, மீதியை தானா நிரப்பியிருப்பா, அவ நிரப்பினது நிஜத்தை விட மோசமா இருக்கும்.

சொல்ல வேண்டியது அவர்தான், நீங்க இல்ல. இது முக்கியம், ஏன்னா வேலை போனது அவருக்கு, அந்த வெக்கம் அவரோடது, வீட்டுல எல்லாரும் அதை சுத்தி நடந்து போயிட்டு இருக்கீங்க. இந்த வாரமே ஒரு நாள் அவளை மட்டும் வெளிய கூட்டிட்டு போய், ஐஸ்க்ரீம் கடையோ எதோ, கிட்டத்தட்ட இப்படி சொல்லட்டும்: "போன வருஷம் பிப்ரவரில எனக்கு வேலை போச்சு. நிறைய பேரை வேலைய விட்டு எடுத்தாங்க, நானும் ஒருத்தன். அங்க என் விசா வேலையோட ஒட்டினது, வேலை போனா 60 நாள்ல வேற இடம் பாக்கணும், இல்லன்னா நாட்டை விட்டு கிளம்பணும். தேடினேன், கிடைக்கல. உன்கிட்ட சொல்ல எனக்கு தைரியம் வரல, பாட்டி மேல பழியை போட்டு கூட்டிட்டு வந்துட்டோம். அது நாங்க பண்ண தப்பு. பாட்டிக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்ல." அவ்வளவுதான். அதுக்கு மேல ஆனா உனக்காகத்தான்மான்னு ஆரம்பிக்க கூடாது. அவ கத்தினா கத்தட்டும், ஒன்னும் சொல்லாம ஐஸ்க்ரீமை சாப்பிட்டுட்டு வந்தாலும் வரட்டும், அன்னிக்கே கட்டி புடிச்சு அழணும்னு எதிர்பாக்காதீங்க, அதெல்லாம் சீரியல்ல நடக்கறது.

டப்ளினை அதே மூச்சுல சொல்லிடாதீங்க. மன்னிப்பு கேட்டதே இதுக்குத்தானான்னு ஆயிடும். ரெண்டு நாள் விட்டு சொல்லுங்க, அதுல உறுதியானது எது, இன்னும் முடிவாகாதது எதுன்னு பிரிச்சு சொல்லுங்க. அதுக்கு முன்னாடி நீங்க ரெண்டு பேரும் ஒரு விஷயத்தை தெளிவா தெரிஞ்சுக்கணும். கம்பெனி எந்த பெர்மிட்ல அனுப்புதுன்னு எச்ஆர்கிட்ட கேளுங்க. கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் பெர்மிட்னா (அங்க ஆள் தட்டுப்பாடா இருக்கற வேலைகளுக்கு தர்றது) சுமார் 2 வருஷம் கழிச்சு ஸ்டாம்ப் 4ங்கற தங்கும் அனுமதிக்கு போகலாம், அப்புறம் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி பெர்மிட் வாங்க வேண்டியதில்ல. கம்பெனிக்குள்ளயே மாத்தல்ல அனுப்பற டிரான்ஸ்ஃபர் பெர்மிட்னா அதிகபட்சம் 5 வருஷம்தான், அங்கயே நிலையா தங்கறதுக்கு அது அதே மாதிரி வழி இல்ல. லேஆஃப்ல வேலை போனா அங்கயும் நாள் கணக்கு உண்டு, ஆனா 60 நாள் இல்ல, நாலு வாரத்துக்குள்ள தெரியப்படுத்திட்டா வேற வேலை தேட பொதுவா 6 மாசம் வரைக்கும் டைம் கிடைக்கும். இதெல்லாம் மனசு டாக்டர் பேசற விஷயமான்னு கேக்காதீங்க. இந்த தடவை எவ்வளவு நாள்னு அவ கேக்கத்தான் போறா. 'அங்கயே இருந்துடலாம்'னு வாய்ல வந்ததை சொல்லிட்டு ரெண்டு வருஷத்துல திரும்ப பெட்டி கட்டினீங்கன்னா அதுக்கு மேல அவ உங்க பேச்சை எதுக்கு நம்பணும்?

அடுத்தது அந்த ராத்திரி சாட். போனை பிடுங்கி வெக்கலாமான்னு யோசிச்சிருப்பீங்க. வேண்டாம். டாலஸ்ல சாயந்திரம் நாலு மணிக்கு ஸ்கூல் விட்டு வந்து ஃப்ரெண்ட்ஸ் போனை எடுக்கறப்ப நம்ம ஊருல ராத்திரி ரெண்டரை, குளிர் காலத்துல மூணரை. அவ அடிக்ட் ஆகல, அவங்க வீட்டுக்கு வர்ற நேரம் அதுதான், அவ்வளவே. இதுக்கு நேரா ஒரு வழி இருக்கு. சனிக்கிழமை சாயந்திரம் ஏழரை மணி, அங்க சனிக்கிழமை காலைல ஒன்பது, அந்த நேரத்தை அவளுக்குன்னு ஒதுக்கி குடுங்க, வீட்டுல நல்ல வைஃபை பிடிக்கற ரூம், கதவு சாத்திக்கலாம், தம்பி உள்ள வரக்கூடாது, சாப்பிட வான்னு நடுவுல கூப்பிடக்கூடாது. அது பழகினப்புறம் வார நாள்ல பதினோரு மணிக்கு போன் ஹால்ல சார்ஜ் ஆகட்டும்னு பேசலாம், முன்னாடியே பேசினா சண்டைதான். இன்னொன்னு, இது அவளுக்கு நல்ல செய்தி, நீங்களே சொல்லுங்க, டப்ளினுக்கும் டாலஸுக்கும் பொதுவா 6 மணி நேரம்தான் வித்தியாசம். டாலஸ்ல சாயந்திரம் நாலுன்னா டப்ளின்ல ராத்திரி பத்து. ஃப்ரெண்ட்ஸ்கிட்ட பேசிட்டு மனுஷி மாதிரி தூங்கலாம். டப்ளின்ல கடல் இருக்கு, கோட்டை இருக்குன்னு நீங்க காட்டற யூட்யூப் வீடியோவை விட இந்த ஒரு கணக்கு அவ காதுல ஏறும்.

அவ துக்கப்பட்டுட்டு இருக்கா, அதை துக்கம்னு யாரும் ஒத்துக்கல. யாரும் செத்து போகல, அந்த அபார்ட்மெண்ட் அங்கதான் இருக்கு, ஃப்ரெண்ட்ஸ் போன்ல இருக்காங்க, ஆனா எதுவும் அவளோடது இல்ல. பாலின் பாஸ்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1970கள்ல இருந்து இந்த மாதிரி முடிவு தெரியாத இழப்பை பத்தித்தான் எழுதிட்டு வர்றாங்க. காரியம் பண்ணி, பதினாறு கும்பிட்டு, நாலு பேர் வந்து விசாரிச்சு முடிக்கற துக்கம் இல்ல இது, அதனாலதான் இழுத்துகிட்டே போகுது. விடை பெறாம வந்ததுக்கு இப்பவாவது விடை பெற வெக்கலாம், லேட்டானாலும் பரவால்ல. அவ ஆறாவது படிச்ச வருஷம் மே மாசம் அந்த ஸ்கூல்ல இயர்புக் வந்திருக்கும், எல்லாரும் கையெழுத்து வாங்கியிருப்பாங்க, இவ மட்டும் இல்ல. ஸ்கூல் ஆபீஸுக்கு ஒரு மெயில் போடுங்க, மிச்சம் காப்பி இருந்தா ஒரு ஃப்ரெண்டோட அம்மா வாங்கி, பழைய கிளாஸ் பசங்க நாலஞ்சு பேர்கிட்ட எழுத வாங்கி கூரியர் பண்ண முடியுமான்னு கேளுங்க. காப்பி இல்லன்னா அவ படம் இருக்கற பக்கத்தை ஸ்கேன் பண்ணியாவது. அவளுக்கு பிடிச்ச டீச்சர் யாராவது இருந்தா, நான் ஏன் திடீர்னு காணாம போனேன்னு அவளே எழுதட்டும். நீங்க திருத்த வேண்டாம்.

அதே தப்பு பெங்களூருலயும் நடக்க கூடாது. இங்க அவளுக்கு ஒருத்தரையும் பிடிக்கலன்னு நீங்க நினைச்சாலும், லிஃப்ட்ல கூட வர்ற ஒரு பொண்ணு, ஸ்கூல் வேன் அண்ணன், கீழ் வீட்டு நாய்னு யாராவது இருப்பாங்க. இப்படி ஊர் ஊரா வளர்ற பசங்களோட பல வருஷம் வேலை பாத்த டேவிட் பொல்லாக்னு ஒருத்தர், கிளம்பறதுக்கு முன்னாடி நாலு வேலை முடிச்சிருக்கணும்பார்: மனஸ்தாபம் இருந்தா பேசி தீத்துக்கறது, நன்றி சொல்ல வேண்டியவங்களுக்கு சொல்லிடறது, ஆளுங்க இடங்கள் பொருள் எல்லாத்துக்கும் முறையா விடை சொல்றது, போற இடத்தை பத்தி கற்பனை இல்லாம யோசிக்கறது. அதுல முதலாவது உங்க வீட்டுல பாட்டி பேத்தி விவகாரம். ஜூலைல பெங்களூர் வீட்டை காலி பண்ணிட்டு (ஓனர் பெயிண்டிங் சார்ஜ்னு ஒரு மாச வாடகையை அட்வான்ஸ்ல புடிச்சுக்குவார், அதுக்கும் மனசை தயார் பண்ணிக்கோங்க) நீங்களும் பசங்களும் திருச்சில போய் இருங்க. இந்த தடவை போற தேதி, கிளம்பற தேதி ரெண்டையும் காலண்டர்ல வட்டம் போட்டு பாட்டி வீட்டுலயே மாட்டிடுங்க. ஸ்கூல் கொஞ்ச நாள் போனா போகட்டும், ஒன்னும் குடி முழுகிடாது. மாமியார்கிட்ட நடந்ததை முன்கூட்டியே சொல்லிடுங்க. அவங்க பேத்திகிட்ட தனியா என்ன பேசறாங்கங்கறது அவங்க பாடு, பக்கத்துல நின்னு கேக்காதீங்க.

அந்த நேரத்துல உங்க வீட்டுக்காரர் முன்னாடியே டப்ளின் போயிடறது நல்லது. அங்க வாடகை வீடு கிடைக்கறது குதிரைக் கொம்பு, ஒரு வீட்டுக்கு வரிசைல நின்னு பாக்கறாங்க. கம்பெனி குடுக்கற தற்காலிக வீட்டுல பசங்கள இறக்கி அங்கிருந்து இன்னொரு வீடு, அந்த ஏரியாவுல இன்னொரு ஸ்கூல்னு போனீங்கன்னா இவ அடுத்த சூட்கேஸையும் காலி பண்ண மாட்டா. வீடு, ஸ்கூல் ரெண்டும் அமைஞ்சப்புறம் பசங்க போகட்டும், செப்டம்பரே ஆனாலும் சரி. அப்பா ரெண்டு மாசம் தள்ளி இருந்தா தாங்குவாங்க. ஒரு பேப்பர் விஷயம், உங்க ரெண்டு பேருக்கும் முன்கூட்டியே விசா வாங்கணும், பசங்க அமெரிக்க பாஸ்போர்ட், அவங்களுக்கு அயர்லாந்து போக விசா வேண்டியதில்ல. ஆனாலும் உங்ககூட தங்கறதுக்கு அவங்களுக்கு என்ன காட்டணும்னு கம்பெனி வக்கீல்கிட்ட கேட்டு வைங்க.

பாஸ்போர்ட்னு சொன்னதும் ஞாபகம் வருது. நான் அமெரிக்கன், நான் மட்டும் போறேன்னு அவ சொல்றப்ப நீங்க என்ன சொன்னீங்கன்னு எழுதல, சிரிச்சிருக்க மாட்டீங்கன்னு நம்பறேன். சட்டப்படி அவ சொல்றது சரிதானே, உங்க வீட்டுல அங்க போய் இறங்கற உரிமை இருக்கறது பசங்களுக்கு மட்டும்தான். ஆமா, அது உன் நாடு, உன் பாஸ்போர்ட்டை நாங்க புதுப்பிச்சு வெச்சிருப்போம், காலேஜுக்கு நீ போகணும்னா அப்ப பேசலாம், 13 வயசுல தனியா அனுப்ப முடியாதுன்னு நேரா சொல்லுங்க. அப்புறம் சொந்தக்காரங்க வாயை கொஞ்சம் அடக்குங்க. 21 வயசாச்சுன்னா நீதான் அப்பா அம்மாவுக்கு க்ரீன் கார்டு வாங்கி தரணும்னு யாராவது மாமா தமாஷா சொல்லியிருப்பார், இது எல்லா வீட்டுலயும் நடக்குது. சட்டத்துல அப்படி விண்ணப்பிக்க இடம் இருக்கறது நிஜம்தான், ஆனா பன்னண்டு வயசு பொண்ணு தலைல குடும்பத்தோட எதிர்காலத்தை ஏத்தி வெக்கறது தமாஷ் இல்ல.

ஸ்கூலை பத்தி நீங்க கேக்கல, நான் சொல்றேன். திருச்சில தமிழ் எழுத்து புதுசா கத்துக்கணும், இங்க வந்தா கர்நாடகா சட்டப்படி கன்னடம், இப்ப அயர்லாந்துல ஸ்கூல்ல ஐரிஷ்னு ஒரு மொழி கட்டாய பாடம். வெளிநாட்டுல படிச்சுட்டு 12 வயசுக்கு மேல வந்து சேர்ற பசங்களுக்கு அதுல இருந்து விலக்கு கேக்கலாம், நிபந்தனைகள் உண்டு, அட்மிஷன் அப்பவே எழுதி கேளுங்க. சின்னவன் கத்துக்கத்தான் வேணும், அவன் வயசுக்கு அது ஒரு பொருட்டே இல்ல. அவளை செகண்டரில முதல் வருஷத்துலயே சேக்க பாருங்க, வயசுக்கு இரண்டாவது வருஷம்னு சொன்னாலும் பேசி பாருங்க. முதல் வருஷம்னா வேற வேற ப்ரைமரி ஸ்கூல்ல இருந்து எல்லாருமே புதுசா வந்து உக்காந்திருப்பாங்க, இவ மட்டும் நடுவுல நுழைஞ்சவளா தெரிய மாட்டா. இன்னொரு தடவை பாதில நுழைய வெக்காதீங்க.

பையன் விஷயத்துக்கு முதல்ல குழந்தைகள் டாக்டர்கிட்ட போய் யூரின் டெஸ்ட் எடுத்துடுங்க, இன்ஃபெக்‌ஷன், சுகர், மலச்சிக்கல் எதுவும் இல்லன்னு தெரியணும், எல்லாத்தையும் மனசு மேல போடக்கூடாது. அதெல்லாம் இல்லன்னா, இந்த வயசுல இப்படி அலைஞ்சா இது சகஜம், திட்டாதீங்க, அக்கா முன்னாடி பேசாதீங்க, ரப்பர் ஷீட்டை போட்டுட்டு விடுங்க. அவனுக்கு நாடெல்லாம் பெரிய விஷயம் இல்ல, தினமும் ராத்திரி ஒரே போர்வை, ஒரே கதை, ஒரே நேரம், அந்த போர்வை டப்ளின் போற பெட்டில மேலயே இருக்கணும்.

பெரியவளை கவனிங்க. ரெண்டு வாரத்துக்கு மேல சாப்பாடு, தூக்கம் ரெண்டும் கெட்டு போய், ஸ்கூலுக்கே போக மாட்டேன்னு படுத்துகிட்டாலோ, சனிக்கிழமை ஃப்ரெண்ட்ஸ்கூட பேசறதுல கூட ஆர்வம் போயிட்டாலோ, நான் இருந்து என்ன பிரயோஜனம்ங்கற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலோ டப்ளினை தள்ளி வெச்சுட்டு உடனே நேர்ல ஒரு குழந்தைகள் மனநல மருத்துவரை பாருங்க. ராத்திரில அவசரம்னா 14416, டெலி மனஸ்ங்கற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயும் பேசுவாங்க.

கடைசியா நீங்க. பசங்களை பத்தி பக்கம் பக்கமா எழுதிட்டு, உங்க வேலை போனதை ஒரு வரில முடிச்சு எனக்கு ஒன்னுமில்லன்னுட்டீங்க. அந்த வீட்டுல வேலை போனது ஒருத்தருக்கு இல்ல, ரெண்டு பேருக்கு, ஒருத்தருக்கு மட்டும்தான் லேஆஃப்னு பேரு. மேல சொன்ன எந்த பெர்மிட்ல போனாலும் மனைவிக்கு இப்ப பொதுவா ஸ்டாம்ப் 1ஜிங்கற அனுமதி கிடைக்குது, அதை வெச்சு தனி பெர்மிட் இல்லாம வேலை பாக்கலாம். ஆனா அங்க டே கேர்ல குழந்தைகளை நேரடியா பாத்துக்கணும்னா அந்த ஊர் படிப்பு வரிசைல குறைஞ்சபட்சம் லெவல் 5 தகுதி கேப்பாங்க, வெளிநாட்டு சர்டிஃபிகேட்டை அந்த ஊர் அரசு பாத்து ஒத்துக்கணும், அதுக்கு நாள் ஆகும். டெக்சாஸ்ல பண்ண ட்ரெய்னிங் பேப்பர், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் எல்லாம் எந்த பெட்டில இருக்குன்னு இந்த வாரமே தேடி எடுங்க, லெட்டர் வாங்கலன்னா பழைய மேனேஜருக்கு இன்னிக்கே மெயில் போட்டு கேளுங்க.